பதினேழாம் பாத்தியில் உறங்கியவர்

"இஞ்சருங்கோ, கட்டில்ல கிடந்த போர்வை எங்கை?"

எட்வேட் செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. "தோட்டத்தில."

"அங்கை ஆர் படுக்கினம்?"

"பூசணிக்காய்."

அனஸ்ரேசியா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது நலம் என்பதை முப்பதாண்டு மணவாழ்க்கை அவருக்குக் கற்பித்திருந்தது.

நோர்வேயின் அம்மருட்டில், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் தோட்டச் சங்கம் வழங்கும் பாத்தி ஒன்றுக்காக எட்வேட் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, பதினேழாவதைப் பெற்றவர். செப்டெம்பர் முடிவில் தக்காளி கருகி, அவரை வற்றி, கொடிகளில் எஞ்சியிருந்தது ஒரேயொரு பூசணிக்காய். ஞாயிற்றுக்கிழமை விளைச்சல் நன்றித் திருப்பலியில் அதைப் பீடத்தின் முன் வைக்கப்போவதாகத் தேவாலயப் பங்கு முழுவதற்கும் அறிவித்துவிட்டார். அது பழுக்க இன்னும் சில நாள் வேண்டும். உறைபனியோ செவ்வாய் இரவே வருவதாக இருந்தது. ஆகவே, அன்று மாலை காயின்மேல் போர்வையை விரித்தார். ஓரம் காற்றில் விலகாதிருக்கத் தாம் அணிந்து தேய்த்த பழைய சப்பாத்துகள் இரண்டையும் கால்மாட்டில் வைத்தார்.

பக்கத்துப் பாத்திக்காரியான மரியகொறற்றி வேலியோரம் நின்று பார்த்தாள்.

"என்ன எட்வேட் அண்ணை, பிள்ளைக்குக் குளிருதோ?"

"மன்னார் விதை, தங்கச்சி. குளிர் தாங்காது. உம்மட பூசணி இந்தமுறை காய்க்கேல்லைப் போல?"

"இஞ்சாலை ஒண்டும் இல்லை, அண்ணை," என்றாள் அவள்.

புதன் காலை போர்வையருகே ஒரு சட்டி இருந்தது. மூடியில் நோர்வேஜிய மொழியில் ஒரு குறிப்பு: 'இங்கே உறங்கும் நண்பருக்கு. சூடு ஆறுமுன் குடியுங்கள்.'

உள்ளே மீன் சூப். வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் எட்டாண்டு மீன் வெட்டிய கை, மீனை வீணாக்காது. குடித்தார். சட்டியைக் கழுவினார். பிறர் தந்த சட்டியை வெறுமையாகத் திருப்புவது மரபன்று; எனவே நான்கு பீற்றூட் கிழங்குகளை இட்டு, 'மிக்க நன்றி' என்று எழுதி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நன்றியெண்டு எழுதினால், அங்கை ஒராள் படுக்கிறார் எண்டெல்லோ நினைப்பினம்?" என்றார் அனஸ்ரேசியா.

"அப்ப வெறுஞ்சட்டியே குடுக்கிறது?"

வியாழனன்று மூன்று சட்டிகளும் ஒரு சோடி கம்பளிக் காலுறையும் இருந்தன. எட்வேட் சட்டிகளில் கரட் நிரப்பி, ஐயத்துக்கு இடமின்றி எழுதினார்: 'இங்கே ஒருவரும் உறங்கவில்லை.'

வெள்ளியன்று சட்டிகள் ஏழாயின. நன்றி எழுதிய அதே கையெழுத்தில் வந்த மறுப்பை அயலார் தன்மானமாகக் கொண்டனர். 'வெட்கப்பட வேண்டாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடவே சங்கத்தின் கடிதம்: பாத்தியில் எவரும் இராத் தங்கக்கூடாது, தங்குவது உறுதியானால் பாத்தி அடுத்தவருக்குப் போகும், சனி பத்து மணிக்குச் சோதனை.

"போர்வையை எடுங்கோ," என்றார் அனஸ்ரேசியா. "ஒரு காய்க்காக ஒன்பது வருசத்தை விடப்போறியளே?"

"இண்டைக்கும் பனி. எடுத்தால் நாளைக்குக் காய் இல்லை."

"காய் இருக்கும். பாத்திதான் இராது."

சனி காலை சங்கத் தலைவர் ஆன்ட்ரியாஸ் குறிப்பேட்டுடன் வந்தார். முதலில் சப்பாத்துகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, மெல்லிய குரலில் போர்வையிடம் காலை வணக்கம் சொன்னார். பதில் இல்லை.

எட்வேட் போர்வையை விலக்கினார். செம்மஞ்சளாய்ப் பழுத்து, பனி தீண்டாமல், பூசணிக்காய் வெயிலில் மின்னியது.

ஆன்ட்ரியாஸ் காயையும் சப்பாத்துகளையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்படியானால், சூப்பைக் குடித்தது?"

"நான்."

"எல்லாவற்றையுமா?"

"மீன் சூப் எல்லாவற்றையும்."

ஆன்ட்ரியாஸ் குறிப்பேட்டை மூடினார். "பூசணி இராத் தங்குவதை விதி தடுக்கவில்லை."

ஒன்பது ஆண்டுகளும் ஒரு காயும் ஒருங்கே பிழைத்தன. எட்வேட் கத்தியைக் கையிலெடுத்து, வெற்றியாளருக்குரிய நிதானத்தோடு குனிந்து, வேலிப்பக்கம் ஓடிய தண்டைப் பற்றினார்.

"எட்வேட் அண்ணை," என்றாள் வேலிக்கு அப்பால் களை பிடுங்கிக்கொண்டிருந்த மரியகொறற்றி, "காயைத் தாராளமாய் வெட்டிக்கொண்டு போங்கோ, கொடியை மட்டும் இழுக்காதேங்கோ, வேர் என்ர பாத்தியிலயெல்லோ நிக்குது."