மில்லு வாத்தியாரின் பக்கவாத்தியம்

பக்கவாத்தியத்துக்கு டீசல் ஊற்றிய மனிதர் இந்த உலகத்திலேயே மில்லு வாத்தியார் ஒருவர்தான். நேரில் பார்த்தவன் நான். வருஷம் இருபது ஆகியும், அன்றைக்குப் பிளந்த வாய் இன்னும் சரியாக மூடவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் நாடகக் குழுவுக்கு எல்லாமே அவர்தான். கதை, பாட்டு, மெட்டு, டைரக்‌ஷன், திட்டு. ஒத்திகைக்கு வேறு இடம் இல்லாததால் ரைஸ்மில்லின் பின்பக்கக் கொட்டகையில் பழகுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ‘டப டப டப’ என்று ஓடும். இந்தப் பக்கம் வாத்தியார் அந்தத் தாளத்துக்கே பாட்டுக் கட்டுவார். காதல், போர், ஒப்பாரி எல்லாமே டப டபதான். மில்லுக்கு நெல் வராத நாளில் எங்களுக்கும் லீவு.

எனக்கு ராணி வேஷம். இந்த மூஞ்சிக்கா என்று கேட்காதீர்கள். தூரத்தில் உட்கார்ந்தவர்கள் நம்பினார்கள்.

வாலாஜாபாத் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். வெளியூரில் முதல் நாடகம். வாத்தியாருக்கோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. “இத்த வுட்டா இன்னொருத்தன் நம்மளக் கூப்ட மாட்டான்டா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தர்மகர்த்தா கறாராகச் சொல்லிவிட்டார்: “நல்லா இருந்தா வருசா வருசம் நீங்கதான். சொதப்பினீங்க, மெட்ராஸ் கம்பெனிய இட்டாந்துருவேன்.”

முதல் நாளே போய் அந்த மேடையில் ஒத்திகை பார்த்தோம். மிருதங்கக்காரர் வாசிக்கிறார், ஒருத்தருக்கும் பாட்டு வரவில்லை. ராஜா என்னைப் பார்க்கிறார், நான் ராஜாவைப் பார்க்கிறேன். எஞ்சின் இல்லையே!

“இன்னாடா, ஊமை மாரி நிக்கிறீங்க?” என்று வாத்தியார் தானே பாடிக் காட்ட வாயைத் திறந்தார். அவருக்கும் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் மேடைக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மேலே, கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின்.

“வாத்தியாரே, இது இன்னாது?”

“பக்கவாத்தியம். பேசாம பொடவையக் கட்டு.”

“கரும்புக்குத் தண்ணி பாய்ச்சறதாச்சே!”

“இன்னிக்கு உன் தொண்டைக்குப் பாய்ச்சும். போடா.”

அவரே டீசல் ஊற்றி, அவரே சுற்றிக் கிளப்பினார். டப டப டப! பாட்டு அருவியாகக் கொட்டியது. படுதாவுக்கு அடியில் புகை மேடைக்கு வந்தது. “பார்றா, மேகமெல்லாம் வுட்றாங்கோ!” என்று ஜனம் விசில் அடித்தது. முன்வரிசையில் தர்மகர்த்தா இருமிக்கொண்டே தலையாட்டினார்.

ராஜா செத்தார். நான் மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் எஞ்சின் டப்... டப்... என்று விக்கி நின்றது. டீசல் காலி. என் தொண்டையும் காலி.

செத்த ராஜா கண்ணைத் திறக்காமல் முனகினார்: “பாடித் தொலைடா, எறும்பு கடிக்குது.”

கூட்டம் சலசலத்தது. தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போது வாத்தியார் மேடையில் நுழைந்தார். சட்டை இல்லை, ஆள் அடையாளமே தெரியாமல் மூஞ்சி, உடம்பெல்லாம் எஞ்சின் கரி. என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். டப, டப, டப. எஞ்சினின் அதே வேகம்!

நான் ஆடிப்போய்விட்டேன். ஆனால் பாட்டு வந்துவிட்டது.

நீளமான ஒப்பாரி அது. எழுதியவர் அவரேதான், யாரை நோவது? கடைசி அடிவரைக்கும் அவர் கை நிற்கவில்லை. பெண்கள் பக்கம் முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம்.

நாடகம் முடிந்ததும் தர்மகர்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். “யாருப்பா அந்தக் கெயவன், ராஜாவோட அப்பனா? இன்னா நடிப்பு! அடுத்த வருசமும் அந்த ஆளு கண்டிசனா வரணும்.”

காலையில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வாத்தியாரால் கையைத் தூக்க முடியவில்லை. மார் கன்றிப்போய்க் கிடந்தது. நான்தான் இட்லியைப் பிட்டு ஊட்டினேன். “சட்னியில உப்பு கம்மி” என்று அதையும் ராகம் போட்டே சொன்னார்.

ஓட்டலே எங்களைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கூச்சமாகவே இல்லை. இன்னும் ரெண்டு இட்லி கொண்டுவரச் சொன்னேன்.