அமைதி மூலையில் ஒரு முறுக்கு டப்பா

குழந்தைகளைப் பற்றி எனக்கு எல்லாமே தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அது மொத்தம் ஐந்து வாரம் நீடித்தது. அதற்கு முன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஐந்து வாரம் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் தனியாக இருக்கும்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மழலையர் கல்வியில் ஒரு வருட டிப்ளமோ முடித்து, சான்றிதழை லேமினேட் செய்து (அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி விபூதி வேறு பூசிவிட்டாள்), குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்திருந்தேன். குழந்தைகள் என் கண்ணுக்குக் குழந்தைகளாகவே தெரியவில்லை. எல்லாம் ‘நடத்தை’யாகத் தெரிந்தது. வீட்டில் தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தால்கூட, “ஒவ்வொரு நடத்தைக்குப் பின்னாலயும் ஒரு தேவை இருக்கு” என்பேன்.

“ஆமா, குழம்புல உப்பு இல்ல” என்பான் அவன்.

அந்த வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். நாலு வயது. இரட்டைப் பின்னல், அதில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும். பார்க்க அவ்வளவு சாது. ஆனால் கடிப்பாள். கத்துவதோ முறைப்பதோ கிடையாது. பக்கத்தில் யாருடைய கை இருக்கிறதோ அதை எடுத்து, வேலையை முடித்துவிட்டு, ஒழுங்காக உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் அரிசி மில்லுக்காரர் மகன் ஹரீஷின் கன்னத்தைக் கடித்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் தாளாளர் உரக்கடை வைத்திருந்தவர். பிள்ளைகளையும் மூட்டை எண்ணுவது போலத்தான் எண்ணுவார். மில்லுக்காரர் போனில் சத்தம் போட்ட அரை மணி நேரத்தில் தர்ஷினியின் அம்மா செல்வியை வரவழைத்துவிட்டார். செல்வி கூலிக்கு நடவு நடப் போகிறவர். வயலிலிருந்து நேராக வந்ததால் முழங்கால் வரை சேறு. அதோடு உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார்.

“டீசி வாங்கிட்டுப் போயிடும்மா. மத்த பிள்ளைங்க பெத்தவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல” என்றார் தாளாளர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டிப்ளமோ விடவில்லை. “சார், எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்க. அறிவியல்பூர்வமா சரி பண்ணிடுறேன்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அடுத்த மாசம் பெற்றோர் கூட்டம் வருது. மில்லுக்காரருக்கு அன்னிக்கு நீங்கதான்மா பதில் சொல்லணும். கடி நிக்கலேன்னா அந்தப் பொண்ணோட சேத்து உங்களுக்கும் டீசிதான்.”

செல்வி என் பக்கம் திரும்பி, “மிஸ், அவ வீட்ல யாரையும் கடிக்க மாட்டா மிஸ். காலையில...” என்று ஆரம்பித்தார்.

“அம்மா, நீங்க கவலையே படாதீங்க. இதெல்லாம் நடத்தை. உங்களுக்குப் புரியாது. நான் பாத்துக்கிறேன்” என்று அந்த வாக்கியத்தை அங்கேயே அமுக்கினேன். (அதை மட்டும் முடிக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.)

மறுநாளே பெரிய நோட்டு ஒன்று வாங்கிப் பன்னிரண்டு கட்டம் போட்டேன். எத்தனை மணிக்குக் கடித்தாள், யாரை, எந்த உறுப்பில், அதற்கு முன் என்ன பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம், கடிபட்டவன் என்ன நிறச் சட்டை, அன்று வெயிலா மேகமூட்டமா. எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வாரத்தில் பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தேன். தர்ஷினி எப்போதும் பத்து மணிக்கும் பத்தரைக்கும் நடுவில்தான் கடிக்கிறாள்.

சாதாரண அறிவுள்ள யாரும் அடுத்து என்ன கேட்டிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. பத்து மணி ரைம்ஸ் நேரம், ஆகவே ரைம்ஸ்தான் அவள் மனதைக் கலைக்கிறது என்று முடிவு கட்டி, ரைம்ஸை மதியத்துக்கு மாற்றினேன். அவள் பாட்டில்லாமலேயே கடித்தாள்.

அடுத்ததாக ‘அமைதி மூலை’ அமைத்தேன். வகுப்பின் ஓரத்தில் ஒரு பாய், இரண்டு தலையணை, ஒரு டேபிள் ஃபேன், சுவரில் பலூன் படம். கடித்த பிள்ளை அங்கே போய் மனம் அமைதியாகும் வரை உட்கார வேண்டும். கடிக்கிற பிள்ளைகளுக்குக் கடிப்பதற்கு வேறு ஏதாவது பொருள் கொடுக்க வேண்டும் என்று படிப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்கென்று ரப்பர் வளையம் உண்டாம். குடவாசல் கடைத்தெருவில் அதைக் கேட்டபோது மாட்டுக்கா என்றார்கள். ஆகவே அம்மா சுட்ட முறுக்கை ஒரு டப்பாவில் போட்டு மூலையில் வைத்தேன். வகுப்பில் யாரும் எதையும் தின்னக் கூடாது, மதியம் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பாடு என்பது தாளாளரின் சட்டம். இது சிகிச்சை என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “ஏண்டி, கடிச்ச பிள்ளைக்கா முறுக்கு?”

“அது முறுக்கு இல்லம்மா, மாற்றுப் பொருள்.”

“எண்ணெயில போட்டு எடுத்தா அது முறுக்குதான்.”

மூலை அற்புதமாக வேலை செய்தது. தர்ஷினி பத்து மணிக்குக் கடிப்பாள், மூலைக்குப் போவாள், மூன்று முறுக்குத் தின்பாள், தங்கமாகத் திரும்பி வருவாள். அதன் பிறகு நாள் முழுக்க அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. ‘ஐந்தே நிமிடத்தில் மனம் அமைதி’ என்று நோட்டில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டேன்.

அடுத்த வாரம் ஹரீஷும் கடித்தான். அதற்கடுத்து இன்னும் நாலைந்து பேர். ஆனால் இந்தக் கடிகளில் பல் படவே இல்லை. ஒருவன் கையை நீட்டுவான், இன்னொருவன் அதில் உதட்டை வைத்துவிட்டு எழுந்திருப்பான், இருவரும் சேர்ந்து மூலைக்குப் போவார்கள். இதை நான் ‘கடியின் வேகம் படிப்படியாகக் குறைகிறது’ என்று பதிவு செய்து, ஒரு சார்ட்டில் வரைபடமும் போட்டேன். கோடு அழகாக இறங்கியது. போதாததற்கு, “எது வேணும்னாலும் மொதல்ல வாயால கேக்கணும்” என்று தர்ஷினிக்குத் தினமும் சொல்லிக் கொடுத்தேன். நான் உருப்படியாகச் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். அவளும் நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

கூட்டம் சனிக்கிழமை ஒன்பதரைக்கு, எங்கள் வகுப்பிலேயே. பிள்ளைகள் அன்றும் வழக்கம்போல வேனில் வந்துவிட்டார்கள். மில்லுக்காரர் வராமல் தொடங்கக் கூடாது என்று தாளாளர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் பத்தேகால் ஆகிவிட்டது. மில்லுக்காரர் முன்வரிசையில் ஹரீஷை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செல்வி கடைசி வரிசையில், உட்காராமல் சுவரோரம் நின்றார். நான் பட்டுப்புடவையில் மைக்கைப் பிடித்தேன். (எல்.கே.ஜி. பெற்றோர் கூட்டத்துக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று இன்றுவரை அம்மா கேட்கிறாள்.) வரைபடத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டு, நடத்தை, தேவை, மாற்றுப் பொருள் என்று அளந்துவிட்டேன். தாளாளர் தலையாட்டினார். மில்லுக்காரரே கொஞ்சம் இளகியது போலத் தெரிந்தது. தர்ஷினியின் இடமும் என் வேலையும் தப்பித்துவிட்டன என்று நினைத்தேன்.

அப்போது யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தால் தர்ஷினி. கடிக்காமல், அழாமல், ஏதோ சொல்ல வந்திருக்கிறாள்! இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? மைக்கை அவள் வாயருகே கொண்டுபோய், “சொல்லு கண்ணு” என்றேன்.

“பசிக்குது மிஸ். இன்னிக்கு யாரைக் கடிக்கணும்?”

ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

மில்லுக்காரர் மடியிலிருந்து ஹரீஷ் துள்ளினான். “மிஸ், இன்னிக்கு என் டர்ன் மிஸ்!” சொல்லிவிட்டு இறங்கி, கையை நீட்டியபடி அவளிடம் ஓடி வந்தான். பின்னாலேயே நாலு ஜோடி எழுந்து, என்னைக் கேட்காமலே மூலைக்கு வரிசை கட்டியது.

நான் மைக்கை அணைக்கும் பொத்தானைத் தேடினேன். செல்விதான் சுவரோரமிருந்து பேசினார். “மிஸ், அன்னிக்கே சொல்ல வந்தேன். ரோட்டுல குறுவை நெல்லு காயுது, வேனு அந்தப் பக்கம் வர முடியாம ஊரைச் சுத்திக்கிட்டு வருது. முன்னெல்லாம் ஏழே முக்காலுக்கு வரும், இப்ப ஆறரைக்கே வந்துடுது. சோறு வேகுறதுக்குள்ள பிள்ளைய டீத்தண்ணியோட ஏத்தி விடுறேன்.”

அந்த நெல்லின் மேல்தான் நான் தினமும் ஸ்கூட்டி ஓட்டிப் போனேன். “கொஞ்சம் ஓரமா போம்மா” என்று சொன்னவர்களிடம் முறைத்துவிட்டும் போனேன். வெயிலா மேகமூட்டமா என்று எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்று எழுதத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அங்கேயே அழுதும்விட்டேன். பட்டுப்புடவையில் கறை.

மில்லுக்காரர் மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு, “நீ இட்லி தின்னுட்டுத்தானடா வந்த?” என்றார்.

“முறுக்குக்காகக் கடிச்சேன்ப்பா.”

அவர் சிரித்த சிரிப்பில்தான் கூட்டம் மூச்சு விட்டது. “பிள்ளைங்களுக்குப் பத்து மணிக்கு ஏதாச்சும் குடுங்க சார். இதுக்குப் போயி டீசியா?” என்றார்.

“அதைத்தான் சார் நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார் தாளாளர், கூசாமல்.

திங்கட்கிழமை முதல் பத்து மணிக்குச் சுண்டல். அது தாளாளரின் தொலைநோக்குத் திட்டம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள்; எழுதியது நான்தான். தர்ஷினி அன்றோடு கடியை விட்டாள். என் நோட்டில் மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை. அமைதி மூலை மட்டும் வீணாகவில்லை. மதியத்தில் தாளாளர் அங்கே ஃபேனைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் தம்பி இந்தக் கதையை விடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொன்னான். அதைக் கேட்டும் சம்மதம் சொன்னவர்தான் என் கணவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பசிக்கிறது என்று சொல்வதில்லை. “யாரைக் கடிக்கணும்?” என்றுதான் கேட்பார்கள்.

போன மாதம் தர்ஷினி வீட்டுக்கு வந்தாள். நர்சிங் சேர்ந்திருக்கிறாளாம், இனிப்பு கொண்டுவந்தாள். பின்னலில் ஒன்றும் அவிழ்ந்திருக்கவில்லை, பின்னலே இல்லை. கடித்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. “முறுக்கு மட்டும் ஞாபகம் இருக்கு மிஸ்” என்றாள். கணவர் உடனே முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து, “யாரையும் கடிக்க வேண்டாம்மா, சும்மாவே எடுத்துக்க” என்று நீட்டினார். அவள் ஒன்றை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

“நீங்க காலையில சாப்பிட்டீங்களா மிஸ்?”

பன்னிரண்டு கட்டம் போட்ட எனக்குத் தோன்றாத கேள்வியை, வந்து பத்து நிமிடத்தில் கேட்டுவிட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

கணவர் டப்பாவோடு சேர்த்துத் தன் கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.