கணினிக்குக் கவாத்து

கணினியைப் பழுது பார்த்தவர்கள் உலகில் கோடிப் பேர் இருக்கலாம். தேயிலைச் சாத்திரப்படி பழுது பார்த்த மேதை ஒருவர்தான். அவருக்காக எங்கள் மலையூர் லிந்துலை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வேண்டும். எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு யோகேஸ்வரன் இருபது வருடம் மலையில் கொழுந்தெடுப்பை மேற்பார்வை பார்த்தவர். ஹட்டனில் இரண்டு நாள் கணினிப் பயிற்சியில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகும் விழித்திருந்தவர். வேறென்ன தகுதி வேண்டும்?

ஆபீஸ் கணினி அரைமணிக்கொரு தரம் நீலமாகிச் செத்து, தானே உயிர்த்தது. லயத்து ஒற்றை அறை வரிசை வீடுகளில் இருக்கும் அறுபத்திரண்டு குடும்பங்களின் பெயரும் அதற்குள்தான் இருந்தது. புது வீடு கிடைக்க அந்தப் பட்டியல் வெள்ளிக்கிழமை நுவரெலியா மேலிடத்துக்குப் போயாக வேண்டும். கையால் எழுதிய படிவங்களைப் போன மாதம்தான், "கணினி யுகம்" பிறந்த மகிழ்ச்சியில், அவர் எரிக்கச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கிளார்க் சுலக்ஷனா சொன்னாள்: "சேர், ஓடுற நேரத்துலயே பட்டியல பென் டிரைவ்ல எடுத்துருவோம்."

"நோய் புடிச்ச செடியில நாத்துக்குத் தண்டு வெட்டுவாங்களா? மொதல்ல நோய் என்னான்னு பாக்கணும் புள்ள."

பார்த்தார். ரேம் இரண்டையும் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாக மாட்டினார். ஒன்றை மாட்டினால் கணினி செத்தது. மற்றதை மாட்டினால் புதன்கிழமை முழுக்க ஓடியது.

"கண்டுபுடிச்சிட்டீங்க சேர். இப்ப எடுத்துரலாம்ல?"

"ஒரு செடியில நோய்னா மலையையே பாக்கணும். டிஸ்க்லயும் இருக்கும்."

வியாழன் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கணினியின் உடல்நிலை அறிக்கை வாசிக்கப்பட்டது. பாதி புரியவில்லை. ஆகையால் நாங்கள் பலமாகக் கைதட்டினோம். ஒரே அறையில் ஏழு பேரோடு இருக்கும் அம்மாக்கண்ணு மட்டும் கேட்டாள்.

"ஐயா, எங்க பேரு உள்ள இருக்குதுங்களா?"

"பத்திரமா இருக்கு."

"எங்க கூரை மாதிரி ஒழுகிடாதுங்களே?"

டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை என்றே சோதனை சொன்னது. அவர் ஏமாறவில்லை. கிழட்டுச் செடியும் வெளியே பச்சையாகத்தானே நிற்கும்? அதற்கு மருந்து கவாத்து. முழங்காலளவுக்கு வெட்டிவிட்டால் புதிதாய்த் துளிர்க்கும். டிஸ்க்கைத் துடைத்து அழித்தார்.

"சேர், பட்டியல்?"

"துளிர்க்கும்."

கணினி துள்ளி ஓடியது. பட்டியல் துளிர்க்கவில்லை.

சுலக்ஷனா குடையை எடுத்தாள். "வாங்க சேர், லயத்துக்குப் போவோம். பொழுது சாயிறதுக்குள்ள எல்லார் பேரையும் திருப்பி எழுதிரலாம்."

"பேர எப்பவும் எழுதலாம். மேல இருந்து கேட்டா நான் என்னா சொல்றது? உக்காரு, அறிக்க டைப் பண்ணு."

பதினாலு பக்கம். ரேம் ஒன்று பழுது, டிஸ்க் நலம், கவாத்து வெற்றி. எழுதி முடிக்க அன்றைய பொழுது சரியாகப் போதும்படி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அது நேரந்தவறாமல் நுவரெலியா போனது. இப்படி ஒரு அறிக்கை வந்ததே இல்லை என்று மேலிடம் மெச்சியதாம். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் யோகேஸ்வரன் என்று போட்டிருந்தது.

அன்றைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த பெயர் அது ஒன்றுதான்.