தீயணைப்பு எல்லையில் ஒரு சினைப்பசு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் கதையைச் சட்டசபைக்காரர்களே ஒரே வரியில் அச்சடித்து விட்டார்கள். அதற்கு மேல் நான் என்ன எழுதிக் கிழிக்கப் போகிறேன்? ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படிக்கிறவர்கள் என்னை முழு முட்டாள் என்று நினைக்கிறார்கள். மொத்தத்தையும் படித்தால் முக்கால் முட்டாள்தான் என்று தெரியும். மிச்சமிருக்கிற கால் பங்கு மரியாதைக்காக எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜின். பிளஸ் டூவில் இரண்டு தடவை தோற்றவன். (மூன்றாவது தடவை பரீட்சைக்கே போகவில்லை. அதனால் தோற்கவில்லை.) இராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்கள் அண்ணனுக்கு ஒரு தும்பு மில் இருக்கிறது. தேங்காய்க் கதம்பலை அடித்துக் கயிறு திரிக்கிற நாராக மாற்றுகிற மில். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான், மில்லை நடத்துவது அண்ணன் மனைவி லில்லி மைனி. அங்கே பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், மற்ற நேரம் அந்தப் பதினாலு பேரையும் கேலி செய்கிறேன்.

ஒரு கோடையில், ஞாயிற்றுக்கிழமை, பாதி ஊர் சர்ச்சில் இருந்த நேரம், மில்லுக்குப் பின்னால் குவித்திருந்த கதம்பலில் தீப்பிடித்தது. மைனி ஆராதனையின் பாதியில் எழுந்து ஓடி வந்து 101-க்கு போன் போட்டார். இங்கேதான் விஷயம். எங்கள் ஊர் எந்தத் தீயணைப்பு நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் இரண்டு ரயில்வே கேட். ஐந்தே கிலோமீட்டரில் இன்னொரு நிலையம் உண்டு. ஆனால் நாங்கள் அதன் எல்லை இல்லை. ஊர் வேறொரு யூனியனில் இருந்த காலத்தில் யாரோ பேப்பரில் போட்ட கோடு, அப்படியே கிடக்கிறது.

அந்தப் பக்கத்து நிலையத்தில்தான் என் கூட்டுக்காரன் சுஜின் ஃபயர்மேனாக இருக்கிறான்.

"புகைய நான் மொட்டமாடில நின்னு பாத்துட்டேதான்டே இருந்தேன்" என்றான் பிறகு. "வண்டில தண்ணி இருக்கு. டிரைவர் இருக்காரு. ஆர்டர்தான் இல்ல."

"நீயாவது ஓடி வந்திருக்கலாம்லா?"

"ஓடி வந்து? துப்பவா?"

நாற்பது நிமிடம் ஆயிற்று வண்டி வர. அதுவரை பெண்கள் குடத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். நான் "அங்க ஊத்து, இங்க ஊத்து" என்று வழிகாட்டினேன். குவியலில் பாதி போயிற்று. மில் தப்பித்தது, அன்றைக்குக் காற்று கடலைப் பார்த்து அடித்ததால் மட்டும்தான்.

"அடுத்த மட்டம் காத்து இந்தப் பக்கம் திரும்பிச்சுன்னா மில்லும் இல்ல, இவளுவளுக்கு வேலையும் இல்ல, கேட்டியா?" என்றார் மைனி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஒரு பேச்சு வந்தது. தீயணைப்புச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், எந்த ஊர் எந்த நிலையத்துக்கு என்ற கோடுகளையெல்லாம் அழித்துப் புதிதாகப் போடப் போகிறார்கள், அதற்காகச் சட்டசபைக் குழு ஒன்று மாவட்டத்துக்கு வருகிறது, மக்கள் மனு கொடுக்கலாம், தமிழில், ஐந்து பிரதி. மைனி என்னைக் கூப்பிட்டார்.

"லேய் ரெஜி, நீ ஸ்கூல்ல கட்டுரைப் போட்டில கப்பு வாங்கினவன்லா. உள்ளத உள்ளபடி எழுது. நாப்பது நிமிசம், ரெண்டு கேட்டு, பதினாலு பேரு. அவ்வளவுதான்."

அந்தக் கப்பை அவர் ஞாபகப்படுத்தாமல் இருந்திருக்கலாம். நான் லோடு ஆட்டோவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நாற்பது நிமிடம், இரண்டு கேட் என்று இரண்டே வரியில் முடிந்து விட்டது. மீதி வெள்ளைப் பேப்பர் என்னைப் பார்த்தது. இதைப் படித்து எந்த அதிகாரி எழுந்து உட்காருவான்? ஒரு உயிராவது போயிருக்க வேண்டாமா? மனிதனைக் கொல்ல முடியாது. யார் செத்தார் என்று கேட்பார்கள், எங்கள் ஊரில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். கோழி என்றால் மதிப்பில்லை. ஆடு என்றால் பிரியாணி ஞாபகம் வரும். ஆக, பசு. வெறும் பசு போதுமா? சினைப்பசு. எத்தனை மாதம்? ஏழு.

நான் எழுதிய வரி இன்னும் எனக்கு மனப்பாடம்: 'மேற்படி தீயின் கோர நாவுகளுக்கு ஏழு மாதச் சினைப்பசு ஒன்று இரையாகி, தனது கடைசி மூச்சிலும் தீயணைப்பு வாகனத்தை எதிர்நோக்கி, சாலையையே பார்த்தபடி உயிர் நீத்தது என்பதைக் கண்ணீருடன் தெரிவித்துக் கொள்கிறேன்.'

(எழுதி முடித்ததும் அந்தப் பசுவின் ஆத்மா சாந்திக்காக ஒரு டீ குடிக்க வேண்டி வந்தது.)

மைனி வாசித்துக் காட்டச் சொன்னார். கவரை ஒட்டியாச்சு மைனி என்று சொல்லிவிட்டு ஐந்து பிரதியையும் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து வி.ஏ.ஓ. மில்லுக்கு வந்தார். வந்த மனுக்களில் எங்களுடையதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், குழு நேரில் பார்க்க வருகிறது, வெள்ளிக்கிழமை. மைனி முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அடுத்து வி.ஏ.ஓ. பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அந்தச் செத்த மாட்டுக்க ஓனரு யாரு? அவரும் அன்னைக்கு நிக்கணும்."

"எந்த மாடு?" என்றார் மைனி.

நான் ஆட்டோவுக்கு டயர் பார்க்கப் போவது போலப் போனேன்.

"தகவல் பொய்யா இருந்தா மனுவத் தள்ளுபடி செய்திருவாவ, கேட்டுக்கிடுங்க" என்று வி.ஏ.ஓ. போகிற போக்கில் சொன்னது டயர் வரைக்கும் கேட்டது.

அன்று மைனி என்னை அடிக்கவில்லை. "நீயே பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊரில் பசு வைத்திருப்பது சுயம்பு மாமா. நெற்றியில் நாமம், தலையில் துண்டு, அய்யாவழிக்காரர். அவர் பசு லெட்சுமி நிஜமாகவே அப்போது சினை. (ஏழு மாதம். இது தற்செயல் என்று நான் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை.) நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உயிரோட நிக்கிய எனக்க மாட்டக் கொன்னு எழுதினியால நீ?"

"பேப்பர்லதான மாமா. வெள்ளிக்கிழமை ஒரு நாள் வந்து, ஆமான்னு சொன்னா போதும்."

"பொய்யி எனக்க வாயில வராது."

"நீங்க ஒண்ணும் பறையாண்டாம். அழுதா போதும். அழுகது பொய்யில்லியே."

மாமா அதை ரொம்ப நேரம் யோசித்தார். மில்லில் அவர் மகளும் வேலை செய்கிறாள். கடைசியில் சரி என்றார். லெட்சுமியை அன்றைக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பில் கட்டுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை ஜீப்பும் காருமாகப் பத்து வண்டி வந்தது. குழுத் தலைவர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். இரண்டு நிலையத்து அதிகாரிகளும் வந்திருந்தார்கள். சுஜின் யூனிபார்மில் ஃபைல் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க அவன் கஷ்டப்பட்டது தெரிந்தது. தலைவர் கருகிய இடத்தைப் பார்த்தார். மனுவைப் புரட்டினார்.

"மாட்டுக்காரர் யாரு?"

சுயம்பு மாமா துண்டை எடுத்துக் கண்ணில் வைத்தபடி முன்னால் வந்தார். நான் சொல்லிக் கொடுத்ததை விட நன்றாக அழுதார்.

"அழாதீங்க பெரியவரே. மாட்டுக்குப் பேர் ஏதாவது வச்சிருந்தீங்களா?"

இது எங்கள் திட்டத்தில் இல்லாத கேள்வி. ஆனால் பெயர் சொல்வது பொய்யில்லையே. மாமாவுக்கு நடிப்பு வேறு உச்சத்துக்கு ஏறியிருந்தது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, "எம் பொன்னு மக்களே… லெட்சுமீ…!" என்று ஒரு அலறல்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து, "ம்ம்மா" என்று பதில் வந்தது.

எல்லோரும் வாய்க்கால் பக்கம் திரும்பினார்கள். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி, "ஏட்டி, அது லெட்சுமி சத்தம்லா!" என்றாள். மாமாவின் மகள்தான்.

"அது யாரு?" என்றார் தலைவர்.

"அது வேற லெட்சுமி ஐயா" என்றேன் நான்.

சுயம்பு மாமா துண்டைக் கண்ணிலிருந்து எடுத்தார். "இல்ல ஐயா. ஒரே லெட்சுமிதான்" என்றார்.

அதற்குள் லெட்சுமி முளைக்கம்பைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு, வாய்க்காலைக் கடந்து, ஈரக் காலோடு கூட்டத்துக்குள் வந்து விட்டது. வந்த பசு மாமாவிடம் போயிருக்கலாம். என்னிடம் வந்திருந்தாலும் பரவாயில்லை. நேராகத் தலைவரிடம் போய், அவர் கையிலிருந்த என் மனுவை மோந்து பார்த்தது. பதினாலு பெண்களும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். வி.ஏ.ஓ. ஃபைலை மூடினார். அந்த மூடுகிற சத்தத்தில் என் சிரிப்பு போயிற்று. மில் போயிற்று, ஊர் பழைய கோட்டிலேயே கிடக்கப் போகிறது, எல்லாம் என் ஒரு வரியால், என்று அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் ஐயா எழுதினேன். மாமா மேல தப்பில்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மைனி முன்னால் வந்தார். கையில் போன்.

"ஐயா, மாடு பொய்யி. நாப்பது நிமிசம் பொய்யில்ல. பாருங்கோ."

தீப்பிடித்த அன்று எடுத்து வைத்த படம், முதல் அழைப்பு போன நேரம், பிறகு வரிசையாக ஆறு அழைப்பு, கடைசியில் வண்டி உள்ளே நுழைகிற வீடியோ. மைனி ஒரு வருடமாக எதையும் அழிக்காமல் வைத்திருந்தார். தலைவர் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டு அதிகாரிகளையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அவங்கவங்க ஸ்டேஷன்ல இருந்து ஒரு வண்டியை இப்ப இங்க வரச் சொல்லுங்க" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து வண்டி ஒன்பதாவது நிமிடத்தில் மணி அடித்துக்கொண்டு வந்து நின்றது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். எல்லோருக்கும் இளநீர் வெட்டினார்கள். மாமா இளநீர் குடிக்க மாட்டுக் கயிற்றை என்னிடம் கொடுத்திருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைவர் பக்கத்திலேயே நின்றேன்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ… பக்கம் வரைக்கும் ஐயா."

"நல்லா எழுதுறீங்க. கடைசி மூச்சு வரியில எனக்கே கண்ணு கலங்கிச்சு." இளநீரைக் கீழே வைத்துவிட்டு, "நாப்பது நிமிஷம்னு மட்டும் எழுதியிருந்தாலும் வந்திருப்பேன் தம்பி" என்றார்.

இரண்டாவது வண்டி வந்தபோது முப்பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்த டிரைவர் மேல் தப்பில்லை, இரண்டு கேட்டிலும் ரயில்.

சட்டத்தைத் திருத்தி, புதுக் கோடு வந்தபோது எங்கள் ஊர் பக்கத்து நிலையத்தின் எல்லைக்குள் வந்து விட்டது. மைனி பதினாலு பேருக்கும் பாயசம் வைத்தார். எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது, கடைசியாக. கொஞ்ச நாளில் குழுவின் அறிக்கையும் அச்சாகி வந்தது. எங்கள் மனுவைப் பற்றி எழுதிய இடத்தில் அந்த வரி: 'மனுதாரர் குறிப்பிட்ட சினைப்பசு கள ஆய்வின்போது உயிருடனும் சினையுடனும் காணப்பட்டது.'

மைனி அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து மில் சுவிட்ச் போர்டுக்கு மேலே மாட்டியிருக்கிறார். மெயினைப் போடுகிற ஒவ்வொருவரும் தினமும் அதைப் படிக்கிறார்கள். லெட்சுமி கன்று போட்டபோது மாமா அதற்கு 'கமிட்டி' என்று பெயர் வைத்தார். ரோட்டில் "லேய், கமிட்டி வருது, வழிய விடு" என்று சத்தம் கேட்டால் இப்போதும் நான் ஆட்டோவுக்கு டயர் பார்க்கப் போய்விடுவேன். அண்ணன் வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்ததும் கேட்பது, "மாடு சுகமா இருக்கா?" போன மாதம் எனக்குக் காய்ச்சல், நூற்று மூன்று டிகிரி. மைனி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல், "இது எத்தன மாசம்?" என்றார்.

இதையெல்லாம் எழுதி முடித்து, சரியா இருக்கா பாரு என்று சுஜினுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது:

"எல்லாம் கொள்ளாம் மக்கா, அந்தச் செத்த மாடு இப்ப எந்த ஸ்டேஷன் லிமிட்டு?"