ஏலப்பாறைச் சுவரின் இணைப்புகள்

சுவரே இடிந்து என் மாமனார் மேல் விழுந்தது என என் பேரப்பிள்ளைகள் ஊரெங்கும் சொல்லித் திரிவதால், உண்மையை எழுதிவைப்பது என் கடமையாயிற்று. சுவர் விழவில்லை. அதன் இணைப்புப் பூச்சு மட்டுமே விழுந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் யான் ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியன். எனக்களித்த குடியிருப்பில், அடுத்த வீட்டுக்கும் எனக்கும் நடுவே அழுத்திய அட்டைப் பலகைகளாலான தடுப்புச் சுவர். பலகைகள் கூடுமிடமெல்லாம் விரிசல்; விரிசல்தோறும் வாடைக்காற்று. மகப்பேற்றுக்குப் பிறந்தகமான கோவிந்தாபுரம் சென்றிருந்த மனைவியையும், யான் ஒருமுறையே கண்டிருந்த மகளையும் அனுப்புமுன், வீட்டைப் பார்க்க மாமனார் வருவதாக அஞ்சல் வந்தது. இடையில் மூன்றே நாள்.

மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சிச் சுண்ணக்கட்டித் தூள் கலந்தேன். (அளவு? புலமையிருக்க அளவெதற்கு!) விரிசல்களில் இரு விரற்கடை கனத்துக்கு அப்பினேன். அடுத்த வீட்டுச் சுடலைமுத்து, தேயிலை ஆலையில் பொறி பழுதுபார்ப்பவர், எட்டிப் பார்த்தார்.

"சார்வாள், இம்புட்டையும் ஒரே வாக்குல அப்புதியளே. மெலிசாப் பூசி, காயவிட்டு, மறுவாட்டி பூசணும். மழக்காலம்லா."

செயல்முறை அறியேனாயினும் நெறிமுறை அறிவேன் என்று விடையிறுத்தேன். (இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.)

மூன்றாம் நாளும் பூச்சு ஈரம். அழுதுவிடும் நிலையில் கரியடுப்பை மூட்டிச் சுவரோரம் வைத்தேன். மேற்புறம் பாறைபோல் இறுகியது. உள்ளே கூழ் கூழாகவே இருந்தது.

மாமனார் வந்தார். சுவரைத் தடவினார், காற்றில்லை என மகிழ்ந்தார். "வெள்ளிக்கிழமை புள்ளைகளக் கூட்டியாந்து உட்டர்றனுங்க மாப்ளை" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தமர்ந்தார். பூச்சு நீளவாக்கில் பெயர்ந்து, அவர் தோளிலும் தேநீர்க் கோப்பையிலும் விழுந்தது. சூட்டில் வளைந்திருந்த பலகைகளிடையே கையளவு இடைவெளி. அதன் வழியே சுடலைமுத்துவின் முகம்.

"நான் அப்பமே சொன்னம்லா, சார்வாள்."

மாமனார் தோளைத் துடைத்துக்கொண்டார். சினந்திருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

"குளுரு போகட்டுங்க மாப்ளை. அப்பறம் பாத்துக்கலாமுங்க."

குளிர் போக ஐந்து திங்கள் ஆயிற்று. மகள் தவழ்ந்ததையும் முதற்பல் முளைத்ததையும் அஞ்சலட்டையில் படித்தேன். வந்தவள் என்னைக் கண்டு வீரிட்டாள்.

இன்றும் வீட்டில் ஓர் ஆணியை யான் எடுத்தால் போதும். "அப்பா, காயற வரைக்கும் நான் கோவிந்தாபுரம் போயிரட்டுமா?" என்கிறாள் மகள்.

கூழின் பக்குவம் பற்றி யான் எழுதியதில் பிழையிருப்பின், கைத்தொழில் அறிந்தோர் திருத்தியருள்க. சுடலைமுத்து சொன்னதில் மட்டும் பிழையில்லை.