நீலம் சிஸ்டருக்கு டபுள் டியூட்டி

பிரவுசருக்கு மெமோ கொடுத்த ஒரே மனுஷி இந்தப் பூமியில் எங்கள் மேட்ரனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது கொடுத்திருந்தால் தகவல் சொல்லுங்கள். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

செகந்திராபாத் மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மேட்ரனின் வீடு. மாடிப் போர்ஷனில் நான் குடியிருந்தேன். கும்பகோணத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, தினமும் லோக்கல் ரயில் பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போய், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மேட்ரனுக்குச் சொந்த ஊர் நாசரேத். சின்ன வயதிலேயே ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, மேட்ரனாக ரிட்டயர் ஆனவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் அமெரிக்காவில். பால்காரர், பாஸ்டர், காய்கறி வண்டிக்காரர் எல்லோருக்குமே அவர் மேட்ரன்தான். ஒருமுறை கரண்ட் பில்லில் யாரோ ஒரு பெண்மணியின் பெயரைப் பார்த்து, பில் வீடு மாறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதுதான் மேட்ரனின் பெயர் என்பது வீட்டில் விளக்கு அணைந்த பிறகு தெரிந்தது.

மகள் அமெரிக்கா போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் டிராலி மாதிரி அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. காலையில் துணியை எடுத்ததும் கீபோர்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். வந்தவர் யாராக இருந்தாலும் கை கழுவாமல் மௌஸைத் தொட முடியாது. நான் ஆபீஸிலிருந்து வந்த வேகத்தில் கையை நீட்டினால், "நக்கோ, நக்கோ. மொதல்ல சோப்புப் போடு" என்பார். நக்கோ என்றால் வேண்டாம். பல வருஷம் வார்டில் பேசிய உருது, அவருடைய நாசரேத் தமிழுக்குள் இப்படி அங்கங்கே எட்டிப் பார்க்கும்.

கம்ப்யூட்டரோடு வந்தது ஒரே ஒரு பிரவுசர், நீல நிறத்தில் ஒரு எழுத்தை அடையாளமாகப் போட்டுக்கொண்டு வருமே, அது. ஒருநாள் மேட்ரன் என்னைக் கூப்பிட்டார்.

"எலே, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இது ஒண்ணுதான் ஓடுதா?"

"ஆமா மேட்ரன்."

"ஒரே ஆளை வச்சு மூணு ஷிப்ட் ஓட்டுனா அது செத்துப்போவும்லே. இன்னும் ரெண்டு ஸ்டாஃப் போடு."

பிரவுசருக்கு ஓய்வு தேவையில்லை என்று நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி விளக்கினேன். வார்டு பாயைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். அன்று மாலையே நரிப் படம் போட்ட பிரவுசர் ஒன்றையும், சிவப்பு வளையம் போட்டது ஒன்றையும் இறக்கிக் கொடுத்தேன். மூன்று பேரும் சிஸ்டர்கள் ஆனார்கள். காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நீலம் சிஸ்டர். இரண்டு மணியிலிருந்து நரி சிஸ்டர். இரவு டியூட்டி வளையம் சிஸ்டருக்கு. மேட்ரன் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார் என்பதால் வளையம் சிஸ்டருக்கு ஒரு வேலையும் கிடையாது. அப்படியானால் அது எதற்கு என்று கேட்டேன். "வார்டுல பேஷன்ட் இல்லன்னா நைட் ஸ்டாஃப் போடாம இருப்பாவளா? நல்லாருக்கே" என்றார்.

மதியம் இரண்டு மணிக்குச் சார்ஜ் ஒப்படைப்பு நடக்கும். அதை நேரில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். "மெயில் ரெண்டு வந்துருக்கு. தமிழ்ப் பேப்பர்ல பாதி வாசிச்சாச்சு. சர்ச் பாட்டு ஒண்ணு எறங்கிட்டு இருக்கு, பாத்துக்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நீலத்தை மூடி நரியைத் திறப்பார். மூடுவதற்கு முன் விரிப்பு மாற்ற வேண்டும். அதாவது, அது நினைவில் வைத்திருக்கும் பக்கங்கள், பாஸ்வேர்டு, எல்லாவற்றையும் அடியோடு துடைத்துவிட வேண்டும். பாஸ்வேர்டையாவது விட்டுவைக்கலாமே என்றால், "ஒருத்தன் படுத்த விரிப்புல இன்னொருத்தனைப் படுக்க வைப்பியாலே?" என்று கேட்பார். இதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் பாஸ்வேர்டைப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே அடிப்பார். கொத்தமல்லி விற்கிறவருக்குக்கூட அது மனப்பாடம்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வார்டில் ஒரு அசம்பாவிதம் நடந்தது. கிறிஸ்துமஸ் பாடகர் குழுவின் படங்களைப் பார்க்கப் பாஸ்டர் வந்திருந்தார். நீலம் டியூட்டி. அதற்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. எங்கிருந்தோ வந்த டூல்பார்கள் தலையில் அடுக்கடுக்காக உட்கார்ந்து, பக்கம் தெரிவதற்கே ஜன்னல் சந்து அளவுதான் மிச்சம். படங்களைத் திறந்ததும் இன்னொரு ஜன்னல் தானாகக் குதித்தது. அதில் ஒரு பெண், அரைகுறை உடையில், உங்கள் ஊரிலேயே உங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்றாள். மூடினால் இன்னொருத்தி வந்தாள். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தாரா, வேறு வழி தெரியவில்லையா என்று எனக்குத் தெரியாது.

அன்றே நீலம் சஸ்பெண்ட். "டியூட்டி நேரத்தில் வெளி ஆட்களை வார்டுக்குள் அனுமதித்தது" என்ற மெமோவை மேட்ரன் ஆங்கிலத்தில் டைப் செய்து, ஐசோலேஷன் என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் நீலத்தையும் மெமோவையும் சேர்த்துப் போட்டார். பிறகு நீலத்தையே அடியோடு எடுத்துவிடச் சொன்னார். அது இந்தக் கம்ப்யூட்டரோடேயே ஒட்டிப் பிறந்தது, எடுக்க வராது என்றேன். "பெர்மனென்ட் ஸ்டாஃப்" என்று பெருமூச்சு விட்டார்.

அப்புறம்தான் மகளிடமிருந்து செய்தி வந்தது. அவள் கர்ப்பமாக இருந்தாள். கலியாணமாகி வருஷங்கள் கழித்து, ஒருமுறை தங்காமல் போன பிறகு உண்டான குழந்தை. மேட்ரன் படியேறி வந்து என்னிடம் சொன்னார். மூட்டு வலிக்காரர், மாடிப்படி ஏறி நான் அதுவரை பார்த்ததில்லை.

"இந்தக் காலனில பாதிப் பேரை நான்தாம்லே வெளிய எடுத்தேன். எம் பிள்ளைக்கு மட்டும் எவளோ ஒருத்தி பிரசவம் பாப்பா."

"அமெரிக்காவுல உங்களப் பாக்க விடமாட்டாங்களே மேட்ரன்."

"தொட விடமாட்டாவ, தெரியும். பக்கத்துல நிக்க விடுவாவல்லா? அது போதும்."

நிற்பதற்கு விசா வேண்டும். விசா நேர்காணலுக்கு இன்டர்நெட்டில் நாள் பிடிக்க வேண்டும். நரியை வைத்து முயன்றோம். தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் திறக்கவே இல்லை. வளையம் சிஸ்டரைப் பகலில் எழுப்பி உட்காரவைத்தோம். கேள்வி ஒரு பக்கமும் பதில் எழுதும் இடம் இன்னொரு பக்கமுமாகப் போய்விட்டன. அந்தக் காலத்தில் பல பக்கங்கள் நீலத்துக்காகவே எழுதப்பட்டவை. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"என் சர்வீஸ்ல போட்ட ஆர்டரை வாபஸ் வாங்குனது கெடையாது" என்றார் மேட்ரன். சந்து முனையில் இருந்த நெட் சென்டருக்குக் கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன மேட்ரன், கரண்ட் இல்லையா?"

"அந்தக் கீபோர்டைப் பாத்தியா? மொதல்ல அதை அட்மிட் பண்ணணும்."

வேறு வழியில்லாமல் விசாரணை நடந்தது. நான் உட்கார்ந்து டூல்பார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நீலத்தைச் சுத்தம் செய்தேன். மேட்ரன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையில் வந்து திரைக்கு முன்னால் நின்றார். "நடந்தது நடந்துபோச்சு. காவல் இல்லாத வார்டுல உன்னைய மட்டும் குத்தம் சொல்லக்கூடாது. போ, போய் வேலையப் பாரு." நீலம் பழையபடி காலை டியூட்டிக்கு வந்தது.

மறுநாள் நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது போன் வந்தது. மேட்ரனின் குரலில் கலக்கம்.

"எலே மக்கா, அந்த விசா பக்கத்தை முக்காவாசி ரொப்பிட்டேன். மணி ரெண்டாயிடுச்சு. சார்ஜ் ஒப்படைச்சு, விரிப்பு மாத்தி, நீலத்தை அனுப்பிட்டேன். இப்ப நரியக் கேட்டா ஒண்ணுமே தெரியாதுங்குது."

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நிரப்பியதெல்லாம் நீலத்தோடேயே போய்விட்டது என்பதை எப்படிச் சொல்வது? சொன்னேன். மேட்ரன், "அவ்வளவு தெளிவாச் சொல்லித்தானே ஒப்படைச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். அன்று மாலைக்குள் அந்த மாதத்துத் தேதிகள் தீர்ந்துவிட்டன. அடுத்த மாதத் தேதிகளையும் தவறவிட்டால் பிரசவத்துக்கு முன் விமானம் ஏற முடியாது.

அடுத்த மாதத் தேதிகளைத் திறந்த அன்று நான் லீவு போட்டேன். காலையிலேயே நீலத்தை உட்காரவைத்தோம். ஊரே அந்தப் பக்கத்தில் மோதியதோ என்னவோ, ஒரு கேள்விக்குப் பதில் எழுதி அழுத்தினால் அடுத்த கேள்வி வருவதற்குள் காபி ஆறிவிடும். மேட்ரன் அன்று சாப்பிடவில்லை. பாட்டி பெயர் வரை கேட்டு முடித்து, தேதி கிடைத்து, அதை உறுதி செய்யும் பொத்தானை நான் அழுத்தினேன். திரையின் அடியில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. பாதியில் நின்றன.

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது.

மேட்ரனின் கை தானாக மௌஸுக்குப் போனது. எத்தனை வருஷத்துப் பழக்கம், மூளையைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? அந்த விரல் பொத்தானுக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தலை தெரிஞ்ச பொறவு ஷிப்ட் முடிஞ்சுதுன்னு எந்த நர்ஸாவது கையக் களுவிட்டுப் போவாளாலே?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. "நீலம், இன்னைக்கு ஒருநாள் டபுள் டியூட்டி பாரு. நாளைக்கு உனக்கு ஆஃப் தாரேன்."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் நடந்தது லேபர் வார்டு. ஒரு கட்டம் நிரம்பினால், "அப்படித்தான். நல்ல பிள்ளை" என்பார். நின்றால், "அவசரமே இல்ல. மூச்சு விடு. மெதுவா வரட்டும்" என்பார். கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் சேர்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பச்சை முழுவதும் நிரம்பி, திரை ஒருமுறை வெள்ளையாகி, நேர்காணல் தேதியும் நேரமும் போட்ட பக்கம் வந்து நின்றது.

மேட்ரன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டு இருவத்தஞ்சு. சுகப்பிரசவம்" என்று அறிவித்துவிட்டு, குழாயடிக்குப் போய் முழங்கை வரை கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். முகத்தையும் கழுவிக்கொண்டுதான் வந்தார்.

சொன்ன சொல் மாறாமல் மறுநாள் நீலத்துக்கு ஆஃப் கொடுத்தார். சென்னைக்குப் போய் நேர்காணல் முடித்து, விசாவும் கிடைத்தது. கிளம்பும் அன்று வாசலில் டாக்சி நிற்க, என்னிடம் வார்டை ஒப்படைத்தார். "மூணு பேரையும் தெனம் ஒருவாட்டித் தெறந்து பாரு. சும்மா போட்டு வச்சா மனசு ஒடைஞ்சுபோவும். விரிப்பு மாத்த மறந்துராத." ஆகட்டும் என்றேன். அவர் போன அன்றே முன்னறை என்னவோ போலாகிவிட்டது. திட்ட ஆளில்லாமல் கை கழுவுவதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன்னறையில் இருந்தபோது போன் வந்தது. குழந்தை பிறந்துவிட்டது. பெண். தாயும் சேயும் நலம்.

"நிக்க விட்டாங்களா மேட்ரன்?"

"நின்னேம்லே. மருமவன்தான் மயங்கி விளுந்துட்டான். அவனைத் தூக்கி உக்கார வச்சதும் நாந்தான்." சிரிப்புக்கு நடுவே அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "எம் மெயிலுக்குப் போட்டோ அனுப்பிருக்கு, போய்ப் பாரு. பாஸ்வேர்டு தெரியும்லா?"

"தெருவுக்கே தெரியும் மேட்ரன்."

"அங்க இப்ப யாரு டியூட்டி?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "நரி."

"நரியப் பொறவு கூப்புட்டுக்கலாம். மொதல்ல நீலத்துட்டக் காமி. பாவம், அது பட்ட பாட்டுக்கு அதுவும் பாக்கட்டும்."

போனை வைத்துவிட்டு மௌஸை நோக்கிக் கையை நீட்டியவன், எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். நரியில் திறந்தால் ஒரு நொடி வேலை. நீலத்தைத் திறந்தேன். அது வழக்கம்போல யோசித்து யோசித்துத்தான் படத்தை இறக்கியது. முதலில் ஆஸ்பத்திரிச் சுவர். பிறகு மேட்ரனின் நரைத்த தலை. பிறகு மூக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குள் ஈரமான கண்கள். அதோடு நின்றுவிட்டது. குழந்தை இன்னும் வரவில்லை. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவசரமே இல்ல, மெதுவா வரட்டும்" என்று நீலம் சிஸ்டரிடம் சொன்னேன்.