படப்பை விதி ஏ.ஐ.

படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் தாண்டவராயன் கடை வாசலில் நின்றது. போன வருஷம்வரை அவர் மனை புரோக்கர். அந்தத் தொழில் படுத்ததும், ஒரு டேப்லெட்டையும் பழைய இரும்புக்கடையில் வாங்கிய பச்சை, சிவப்பு விளக்குகளையும் மேஜைமேல் வைத்து, தரைவரை தொங்கும்படி பட்டுத்துணி விரித்து, 'விதி ஏ.ஐ.' என்று போர்டு மாட்டிவிட்டார். நெற்றியில் பட்டை, காதில் புளூடூத். கிளி ஜோசியக்காரனாவது கிளிக்கு நெல் போடுகிறான். இவருக்கு அந்தச் செலவும் இல்லை.

கேள்வியைச் சொன்னால் போதும். பச்சை எரிந்தால் செய்யலாம், சிவப்பு எரிந்தால் கூடாது. இன்றைக்கு ஓ.டி. பார்க்கலாமா, ஏலச்சீட்டு எடுக்கலாமா, மச்சான் கல்யாணத்துக்குப் போகலாமா, மீன் வாங்கலாமா, எல்லாவற்றுக்கும் விளக்குதான். சிவப்பு வந்தால் கலங்கவேண்டாம், 'சர்வர் சாந்தி' என்று ஒரு பரிகாரம் உண்டு. காணிக்கை கட்டினால் மறுநாள் பச்சை எரியும். க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் விதியே இறங்கி வருகிற காலம் இது.

டில்லிபாபு அந்த விளக்கை நம்பியதில் அதிசயமில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், செக்கிங் மெஷினில் அவனுக்கு வேலை. பச்சை எரிந்தால் பீஸ் பெட்டிக்குள் போகும். சிவப்பு எரிந்தால் கழிவுத் தொட்டிக்குப் போகும். ஏன் என்று விளக்கிடம் யாரும் கேட்பதில்லை. ஷிப்ட் முழுக்க விளக்குக்குக் கட்டுப்பட்டுப் பழகிய சனம், பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இன்னொரு விளக்கைத் தேடிக்கொண்டு வந்தது. தாண்டவராயன் மடையனில்லை, ஆளைப் பார்த்துத்தான் கடை போட்டிருந்தார்.

டில்லிபாபுவின் மகள் நிலாவுக்கு நாலு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் மனைவி சத்யப்பிரியா. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று படப்பைக்கு ஓடினான் இவன். சிவப்பு எரிந்தது. வாசல் தாண்டினால் குழந்தைக்குக் கண்டம் என்று டேப்லெட்டைப் பார்த்து வாசித்தார் தாண்டவராயன். சாந்திக்குக் கட்டிவிட்டுத் திரும்பினான் தகப்பன்.

அன்று சாயங்காலம் குழந்தை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. சத்யப்பிரியா புருஷனையும் கேட்கவில்லை, விளக்கையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

டெங்கு. இன்னும் ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னாலேயே ஓடி வந்து அதைக் கேட்ட பிறகும், சிவப்பு எரிந்த நாளில் வாசல் தாண்டிவிட்டோமே என்று முனகினான் டில்லிபாபு. சத்யப்பிரியா அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தெனம் ஷிப்ட் ஆரம்பிக்கசொல்லோ மெஷின்ல மொதல்ல இன்னா பண்ணுவ?"

"தெரிஞ்ச கெட்ட பீஸ் ஒண்ணு வுடுவோம். செவப்பு எரியுதான்னு பாப்போம்."

"பச்ச எரிஞ்சா?"

"மெஷின் பழுது. லைன நிறுத்திடுவோம்."

"இரும்புக்கு அவ்ளோ பாக்குற. நம்ம புள்ள உசுர அந்தாளு மெஷின்ல வெச்சியே, அதுக்கு இன்னா பீஸ வுட்டுப் பாத்த?"

குழந்தை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட அன்று, டில்லிபாபு நேராகப் படப்பைக்குப் போய் வரிசையில் நின்றான். முறை வந்ததும் ஒன்றும் தெரியாதவன்போல, பெண்ணுக்கு இன்னும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்று கேட்டான்.

சிவப்பு எரிந்தது. குழந்தை இப்போது வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறது, தொந்தரவு செய்யாதே என்று வாசித்தார் தாண்டவராயன்.

டில்லிபாபு மனைவிக்கு வீடியோ கால் போட்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசிக்குழாயோடு, வாயெல்லாம் சட்னியாக உட்கார்ந்திருந்தாள் நிலா. போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினான். தாண்டவராயன் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். அமாவாசை கிட்டத்தில் வருகிறது, சிக்னல் வீக் என்றார்.

"அண்ணே, நீ எயுந்து இப்டி வந்து நில்லு. மெஷினு தனியா சொல்லட்டும்," என்றான் டில்லிபாபு.

அவர் எழவில்லை. சாந்திக்குக் கட்டிக் கட்டி ஓய்ந்த இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்கள். கேள்வி கேட்டார்கள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மகளுக்கு வந்த நல்ல வரனைச் சிவப்பு பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்த சரோஜா, பட்டுத்துணியைப் பிடித்து இழுத்தாள். மேஜைக்கடியில், கால் படும் இடத்தில் இரண்டு சுவிட்ச். அவனுக்கே மறந்துபோகாமலிருக்க ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட். அவனுக்குத்தான், இனி மரியாதை எதற்கு?

"எங்க தலையெயுத்த கால்லயாடா எயுதுன?" என்று அவன் சட்டையைப் பிடித்தாள் சரோஜா.

மாட்டிக்கொண்டவனுக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ.

"காலு என்னுதுதாம்மா, ஒத்துக்கறேன். தலைய யாரு வூட்ல வெச்சிட்டு வந்தீங்க?"

அடிக்க ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. திருடன் கேட்டாலும் கேள்வி கேள்விதானே. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா? யோசித்துச் சொல்லுங்கள். இதையாவது யாரையும் கேட்காமல் சொல்லுங்கள்.